அலமாரி ஒன்று, உயரம் பத்தரை அடி

எனக்குக் கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவேன். எதிரில் இருப்பவர் முகம் மங்கலாகத் தெரிந்தால்தான் மனதில் பட்டதைச் சொல்ல முடிகிறது. ஜூன் மாதத்தின் அந்த ஒரு வாரத்தில் கண்ணாடி என் மூக்கில் இருந்த நேரம் குறைவு.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், மசாலாக் கடை ஒன்றின் மாடியில் எங்கள் அலுவலகம். முதலாளி ராமபத்ரன் சார், பாலக்காட்டுக்காரர். கட்டடங்களுக்கு வரைபடம் தயாரித்து அனுமதி வாங்கிக் கொடுப்பது அவர் தொழில். வரைவது நான், சுபாஷிணி, பதினான்கு வருஷமாக. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்து சேர்ந்த இன்ஜினியர் கோவிந்த். அவ்வளவுதான் ஆட்கள்.

புது சாஃப்ட்வேர் வேண்டும் என்று கேட்டவளே நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறவள் என்று நினைப்பீர்கள். எங்கள் கம்ப்யூட்டரில் இருந்த பழைய வரைபட சாஃப்ட்வேர் ஒரு கோட்டை அழிக்கச் சொன்னால் சாயா குடித்துவிட்டு வந்து அழிக்கும். இரண்டு வருஷம் நச்சரித்ததில் சார் மனம் இரங்கி, முப்பது நாள் இலவசமாகப் பார்க்கக் கொடுக்கும் ஒரு புது சாஃப்ட்வேரை இறக்கினார். அதோடு சேர்ந்து போனுக்கும் ஒரு ஆப். போனைக் கையில் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றி நடந்தால் போதும், சுவர், கதவு, ஜன்னல் எல்லாம் அளவோடு வரைபடமாக வந்து விழும். முதல் நாள் எங்கள் அலுவலகத்தையே ஸ்கேன் பண்ணிப் பார்த்தேன். கழிப்பறைச் சுவர் ஒன்றரை அங்குலம் கோணல் என்று காட்டியது. டேப் பிடித்துப் பார்த்தேன், ஒன்றரை அங்குலமேதான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சிரித்தது அன்று ஒரு நாள்தான். மறுநாளே சார் சட்டம் போட்டார்.

"இனிமே சைட்டுக்கு டேப்பைத் தூக்கிண்டு ரெண்டு பேர் போக வேண்டாம் கேட்டியா. கோவிந்த் ஒருத்தன் போய் நடந்துட்டு வந்தாப் போரும். நீ இங்கேயே உக்காந்து பார்த்து, 'சரிபார்த்தது'ங்கற இடத்திலே உன் பேரைப் போடு."

"பார்க்காத இடத்தை நான் எப்படி சார் சரி பார்க்கறது?"

"அதான் ஆப் பார்த்திருக்கே."

கண்ணாடியைக் கழற்றினேன். ஆனால் அன்று வாயை அடக்கிக்கொண்டேன். சாஃப்ட்வேரைத் திருப்பிக் கொடுத்துவிடுவாரோ என்ற பயம்.

முதல் வேலையாக வந்தது எங்கள் அலுவலகத்திலிருந்து நாலு கட்டடம் தள்ளியிருக்கும் பழைய சுக்குக் கிடங்கு. மாடி வெகுகாலமாகக் காலி. உரிமையாளர் துபாயில் இருக்கிறார். மாடியில் ஆறு அறை, ஆறு குளியலறை, மேலே இரண்டாயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி என்று ஹோம்ஸ்டே கட்ட ஆசைப்பட்டார். கீழே இசக்கிசெல்வியின் மெஸ். தென்காசிப் பக்கத்துக்காரி, அவள் புருஷன் பாண்டித்துரை கான்கிரீட்டுக்கு சென்ட்ரிங் அடிக்கிறவர். லோடிங்காரர்கள், ஹோட்டல் பையன்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்த கட்டட வேலைக்காரர்கள் என்று மதியம் நாற்பது பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆறு வருஷமாக என் மதியச் சோறும் அங்கேதான். விருந்தாளிகளுக்குச் சாப்பாடு வேண்டுமே, மெஸ் இருந்துவிட்டுப் போகட்டும் என்று உரிமையாளரின் மேனேஜர் சொல்லியிருந்தார். அந்தச் சந்தோஷத்தில் செல்வி அன்று எனக்கு ஒரு மீன் துண்டு கூடுதலாக வைத்தாள்.

கோவிந்த் இருபது நிமிடத்தில் கிடங்கை ஸ்கேன் பண்ணிவிட்டு வந்தான். போன வேலை இவ்வளவு சீக்கிரம் முடிந்ததில் அவனுக்கு ஒரே பெருமை. "சேச்சி, சாமானெல்லாம் அதுவே நீக்கிடும். ஒரு பட்டன்தான்." அழுத்தினான். கீழ்த்தளம் துடைத்துவிட்டாற்போல வெறும் கூடமாக வந்தது. உத்திரத்தின் பலத்தைக் கணக்குப் போட இன்னொரு ஆப் வைத்திருந்தான். தேக்கு, நீளம் இருபத்தோரு அடி, இவ்வளவு கனம், மேலே இவ்வளவு பாரம் என்று கொடுத்தான். பச்சை டிக் வந்தது.

சாருக்குத் தலைகால் புரியவில்லை. பெருமையைக் காட்ட, அந்த வரைபடத்தை எல்லோருடைய போனுக்கும் இணைத்துவிட்டார். துபாய் உரிமையாளர், மேனேஜர், காண்டிராக்டர், தொட்டி சப்ளை செய்கிறவர், அனுமதி பார்க்கும் கார்ப்பரேஷன் ஓவர்சியர்கூட. நாங்கள் இங்கே ஒரு கோடு மாற்றி 'வெளியிடு' என்று அழுத்தினால் ஒன்பது போன்களில் மணி அடிக்கும். ஓவர்சியர் கைதட்டும் பொம்மை ஒன்று அனுப்பினார். சார் அதை மூன்று முறை என்னிடம் காட்டினார்.

நான் பெயர் போடுவதற்கு முன்னால் எதையும் கடைசி வரி வரை படிக்கிறவள். ஆப் எதையெதை நீக்கியது என்று ஒரு பட்டியல், யாரும் திறந்து பார்க்காத ஒரு மூலையில் இருந்தது. திறந்தேன். மேசை பத்து. பெஞ்சு இருபது. ஃபிரிட்ஜ் ஒன்று. அலமாரி ஒன்று: அகலம் இரண்டடி, ஆழம் இரண்டடி, உயரம் பத்தரை அடி.

கூடத்தின் உயரமும் பத்தரை அடி.

எந்த ஊரில் அலமாரி தரையிலிருந்து மச்சு வரை முட்டிக்கொண்டு நிற்கும்? அதுவும் கூடத்தின் நட்டநடுவில்? எனக்கு அந்த அலமாரியைத் தெரியும். மஞ்சள் பெயிண்ட் அடித்து, மாலை போட்டு, அதன் முன்னால் விளக்கு வைத்திருப்பாள் செல்வி. சாமி அலமாரி என்பாள். ஆறு வருஷம் அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறேன். ஏன் நடுவில் இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டதில்லை. கோபம் முதலில் என்மேல்தான் வந்தது.

திருத்தாத ஸ்கேனைத் திறந்து உத்திரத்தை மட்டும் எடுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் தொய்ந்து கிடந்தது. அலமாரிக்கு நேர் மேலே மட்டும் நிமிர்ந்து நின்றது. வரைபடமாக மாற்றும்போது ஆப் அந்தத் தொய்வை ஏதோ கை நடுக்கம் என்று எடுத்துக்கொண்டு நேர்கோடாக்கியிருந்தது. கணக்குப் போடும் ஆப்பில் மரத்தின் நிலை என்று ஒரு கட்டம் இருந்தது. கோவிந்த் அதைத் தொடவேயில்லை. 'நன்று' என்று அதுவாகவே இருந்தது. 'மோசம்' என்று மாற்றினேன். சிவப்பு.

"அலமாரியாவது, உத்திரமாவது" என்றார் சார், கொண்டுபோய்க் காட்டியபோது. "நோக்கு வேலை இல்லேன்னா வேறே வேலை தரேன். வியாழக்கிழமை சமர்ப்பிக்கணும்."

"சார், அதுக்குள்ளே ஏதோ முட்டுக் கொடுத்திருக்கு. மேலே ஆறு குளியலறையும் தொட்டியும் வரப்போகுது. அடியிலே நாப்பது பேர் சாப்பிடறாங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். அதிலிருந்தே அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

"கேளு சுபாஷிணி. முட்டுன்னு வரைஞ்சா கார்ப்பரேஷன்லே கட்டட உறுதி அறிக்கை கேப்பா. அது வரதுக்குள்ளே துபாய்க்காரர் வேறே ஆளைப் பார்த்துண்டு போயிடுவார். ஆப் அலமாரிங்கறது. நாமும் அலமாரின்னே வெச்சுப்போம். நாளைக்கு ஒண்ணு ஆனாலும், மெஷின் அப்படித்தான் காட்டித்துன்னு சொல்லிக்கலாம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் நாற்பது பேரைச் சோற்றோடு மறைக்கப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றக்கூட நினைவில்லாமல் கீழே இறங்கினேன்.

மெஸ்ஸில் மதியக் கூட்டம் ஓய்ந்திருந்தது. செல்வி எச்சில் இலைகளை வாளியில் அள்ளிக்கொண்டிருந்தாள். பாண்டித்துரை பெஞ்சில் படுத்திருந்தார்.

"செல்வியக்கா, அந்த அலமாரியைத் திறங்க."

"சாமி இருக்குற எடம்லா. வெள்ளிக்கெழமதான் நட தெறக்கும்."

"உத்திரம் தொய்ஞ்சு கெடக்கு அக்கா. எனக்குத் தெரியும். திறங்க."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். பாண்டித்துரை எழுந்து உட்கார்ந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர் போய் வாசல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து, இடுப்புச் சாவியால் அலமாரியைத் திறந்தார்.

உள்ளே சாமி படம் ஒன்று கதவின் உட்பக்கம் ஆணியில் தொங்கியது. மற்றபடி அலமாரி முழுக்க ஒரே ஒரு சாமான்தான். சென்ட்ரிங் வேலையில் பலகைக்கு முட்டுக் கொடுக்கும் இரும்பு ஜாக்கி. தரையில் ஒரு கருங்கல், அதன்மேல் திருகு, திருகின்மேல் செருகிய குழாய், குழாயின் தலையில் உத்திரம். உத்திரத்தில் என் உள்ளங்கை நுழையும் அளவுக்குப் பிளவு. கதவின் உள்ளே பென்சிலால் வருஷங்கள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கோடுகள் போட்டிருந்தது.

"பெரிய வெள்ளம் வந்த வருஷம் மழையில கீறிட்டு" என்றார் பாண்டித்துரை. "மேனேஜர்ட்ட போயிச் சொன்னேன். பயமா இருந்தா காலி பண்ணிக்கோன்னான். காலி பண்ணிட்டு எங்க போவ? நானே ராத்திரியோட ராத்திரியா ஜாக்கியக் கொண்டாந்து வச்சேன். அவன் கண்ணுல பட்டா, கேக்காம கை வச்சுட்டேன்னு வெரட்டிருவான்லா? அதான் அலமாரி. சாமின்னா எவனும் தொடமாட்டான்."

"இந்தக் கோடெல்லாம்?"

"வருஷா வருஷம் ஜூன்ல எடவப்பாதி மழ தொடங்குன மொத வெள்ளிக்கெழம தேங்கா ஒடச்சு ஒரு திருகு ஏத்துவேன். உத்தரம் எறங்கும்லா. சில வருஷம் ரெண்டு திருகு."

இந்த வருஷத்துக்கு நேரே மூன்று கோடு இருந்தது. குனிந்து திருகைப் பார்த்தேன். குழாய்க்குள் இன்னும் இரண்டு விரல்கடை மரைதான் மிச்சம். அதற்குமேல் திருகினால் கழன்று கையோடு வந்துவிடும். எந்த ஆப் இதைக் கண்டுபிடிக்கும்? அது அலமாரி என்று சொன்னது பொய்யில்லை. அலமாரியைத்தான் இவர்கள் அதற்குக் காட்டினார்கள். வீட்டுக்காரனை ஏமாற்றச் செய்தது எங்கள் எல்லோரையும் ஏமாற்றியிருந்தது.

"அண்ணாச்சி, மரை தீர்ந்துடுச்சு. தொட்டி இல்லேன்னாக்கூட அடுத்த மழை தாங்காது. தொட்டி வந்தா அடுத்த மாசமே."

"தொட்டியா?" என்றாள் செல்வி. அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"ரெண்டாயிரம் லிட்டர். நேர் மேலே."

ஒரு நிமிடம் அவள் முகம் வெளுத்தது. பிறகு கெட்டிப்பட்டது. "அவரு இன்னொரு ஜாக்கி கொண்டாருவாரு. பக்கத்துல வைப்போம். நீ வரைஞ்சிராத சுபா."

"நாப்பது பேர் அக்கா!"

"அந்த நாப்பது பேருக்குச் சோறு போடுதவ நானு. ஒனக்கு மட்டுந்தான் அக்கற இருக்கா? வரைஞ்சேன்னா நாளைக்கே பூட்டிருவான். பூட்டுனா நான் எங்க போயி ஒல வைக்க? உப்பிட்டவள உள்ளளவும் நெனைக்கச் சொல்லுவாவ. நீ ஆறு வருஷம் எங்கையால தின்னவ."

"அதனாலதான் சொல்றேன்!" நான் கத்திவிட்டேன். "வேறே யாரோ எங்கேயோ சாகப்போறாங்கன்னா நானும் பேரைப் போட்டுட்டுச் சம்பளம் வாங்கிட்டுப் போயிருப்பேன். தினமும் அந்த அலமாரியிலே சாய்ஞ்சு சாப்பிடறவ நான். ஜாக்கியைச் சாமியாக்கிட்டா அது தாங்குமா?"

பாண்டித்துரை கதவைச் சாத்திப் பூட்டினார். சென்ட்ரிங்காரர், மரை எவ்வளவு மிச்சம் என்று என்னைவிட அவருக்குத் தெரியும். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. மேனேஜரிடம் நானே பேசுகிறேன், உரிமையாளரே இரும்பு உத்திரம் போடட்டும் என்று எவ்வளவோ சொன்னேன். செல்வி திரும்பிப் பார்க்காமல் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

மேனேஜருக்குப் போன் செய்தேன். "ஏழு கொல்லமாயிட்டு வீணில்லல்லோ, இனி எந்தா பிரஸ்னம்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். ஏழு வருஷமாக விழவில்லையே, இனி என்ன பிரச்சினையாம். ஜாக்கி என்று கேட்டும் அவர் திடுக்கிடவில்லை. ஆக, அதுவும் அவருக்குத் தெரியும். சாமி அலமாரிக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாமல் இத்தனை நாள் இருந்தவள் அந்தக் கட்டடத்தில் நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

கோவிந்தைக் கூப்பிட்டு ஸ்கேனைக் காட்டினேன். அவன் பெயரும் கையெழுத்தும் அதில் இருக்கும் என்பதையும் சொன்னேன். அவன் சிவப்புக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "சேச்சி, எனக்கு அது நிஜமாவே அலமாரின்னுதான் தோணிச்சு" என்றான். அழுதுவிடுவான் போலிருந்தது. அவனைத் திட்ட வைத்திருந்ததை எல்லாம் விழுங்கிக்கொண்டேன்.

உட்கார்ந்து வரைந்தேன். நேராக்கிய உத்திரத்தை அழித்து, இருக்கிறபடி தொய்வோடு போட்டேன். பிளவைப் போட்டேன். அலமாரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வட்டம் போட்டு, 'இரும்பு ஜாக்கி, தற்காலிக முட்டு, மரை மீதம் ஒன்றேகால் அங்குலம், மேலே எந்தப் பாரமும் ஏற்றக்கூடாது, அடியில் ஆட்கள் இருக்கக்கூடாது' என்று எழுதினேன். அந்தக் கடைசி வார்த்தைகளை எழுதும்போது செல்வியின் இருபது பெஞ்சும் கண்முன் வந்தது. சரிபார்த்தது என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். பதினான்கு வருஷத்தில் இவ்வளவு அழுத்தி ஒரு முறையும் போட்டதில்லை.

சார் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "வெளியிட்டுடாதே. முதல்லே என்கிட்டே காட்டு."

வெளியிட்டேன்.

அவர் சட்டைப் பையில் இருந்த போன்தான் முதலில் அடித்தது.

மறுநாள் காலை ஓவர்சியர் டார்ச்சோடு வந்தார். கைதட்டும் பொம்மை அனுப்பியவர்தான்; ஆனால் மனுஷர் தரையில் மண்டியிட்டுத் திருகைப் பார்த்தார், எழுந்ததும் வெளியே போகச் சொன்னார், எல்லோரையும். சாயங்காலத்துக்குள் சுவரில் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. பலப்படுத்தும்வரை உள்ளே யாரும் இருக்கக்கூடாது. என் வரைபடத்தின் நகல் அதோடு ஒட்டியிருந்தது, என் பெயரோடு. உரிமையாளர் பலப்படுத்தட்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேனே, என்ன ஒரு மடத்தனம். மெஸ்ஸைக் காலி பண்ண அவருக்குச் சிரமமில்லாமல் ஒரு காரணம் கிடைத்தது. பூட்டைப் போட்டார், ஹோம்ஸ்டேயைத் தள்ளிவைத்தார். ஒரு ஆணிகூட அடிக்கவில்லை.

சார் என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, பழைய சாஃப்ட்வேரில் உட்காரவைத்தார். முப்பது நாளும் முடிந்துபோனது. கோவிந்த் மட்டும் இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் ஒவ்வொரு அலமாரியையும் திறந்து காட்டச் சொல்கிறானாம். இரண்டு வீட்டில் திட்டு வாங்கினான் என்று கேள்வி.

செல்வி எங்கே என்று தெரிய எனக்கு மூன்று வாரம் ஆனது. படகுத்துறைக்குப் போகும் வழியில், ஒரு மூடிய கடையின் முன்னால், தார்ப்பாய் கட்டி அடுப்பு வைத்திருந்தாள். பெஞ்சு இரண்டுதான். ஆகஸ்டில் ஒரு நாள் மதியம், மழை விட்டிருந்த நேரத்தில் போனேன். பாண்டித்துரை என்னைப் பார்த்ததும் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு எங்கோ நடந்தார்.

"சோறு இருக்கா அக்கா?"

"தீந்து போச்சு."

பானையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. எனக்குப் பின்னால் வந்த இரண்டு லோடிங்காரர்களுக்கு இலை போட்டு, அந்தப் பானையிலிருந்தே அள்ளி வைத்தாள். நான் நகரவில்லை.

"போனியா அந்தப் பக்கம்?" என்று கேட்டாள், என் முகத்தைப் பார்க்காமல். "ரெண்டு மாசமா மழ ஊத்திருக்கு. உத்தரம் விழலல்லா? எங்க ஜாக்கி அப்படியேதான் நிக்கி."

போயிருந்தேன். வாரம் ஒரு முறை போய் ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு வருகிறேன். நிற்கிறது. விழுந்திருந்தால் நான் நல்லவள் ஆகியிருப்பேன். பஜார் ரோடு முழுக்க என் பெயரைச் சொல்லியிருக்கும். விழவில்லை. அதனால் ஒன்றுமில்லாததற்கு ஒரு மெஸ்ஸை மூடவைத்தவள் ஆகிவிட்டேன். அந்தப் பாழாய்ப்போன உத்திரத்தின்மேல் எனக்கு இருக்கும் கோபம் மனிதர்கள் யார்மேலும் இல்லை.

"விழும்போது அடியிலே நீங்க யாரும் இல்லேன்னாப் போதும் எனக்கு" என்றேன். குரல் உடைந்தது, அதுவும் கோபத்தில்தான்.

செல்வி கரண்டியை வைத்துவிட்டு முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"அது விழுமோ விழாதோ. எங்க பொழப்பு விழுந்துட்டே சுபா. அத எந்த ஆப்புல வரைஞ்ச?"

கண்ணாடியைக் கழற்ற மனம் வரவில்லை. அவள் முகம் தெளிவாகவே தெரியட்டும் என்று நின்றேன். லோடிங்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். எனக்கு நல்ல பசி.

"நாளைக்கு வரேன்."

"நாளைக்கும் தீந்துதான் இருக்கும்."

"இருக்கட்டும். வருவேன்" என்று சண்டை போடுகிற குரலில் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் ஒரு மணிக்குப் போனேன். தீர்ந்துவிட்டது என்றாள்.